ஆலை இல்லாத நாட்டின் ஆடைக்காரர்கள்

1996-ஆம் ஆண்டு. பாரிஸ் ஃபேஷன் பருவம் நெருங்குகிற நேரத்தில் பத்திரிகை ஆசிரியர்களுக்கு ஒரு போஸ்டர் போய்ச் சேர்ந்தது. "விக்டர் அண்ட் ரோல்ஃப் வேலைநிறுத்தத்தில்" என்பதுதான் செய்தி. எந்த முதலாளியை எதிர்த்து, என்ன கோரிக்கை வைத்து என்று யாரும் கேட்கவில்லை. விஷயம் எளிது. அந்தப் பருவத்துக்கு ஒரு தொகுப்பு தைத்துக் காட்ட அந்த இரண்டு டச்சு ஆடை வடிவமைப்பாளர்களிடமும் காசில்லை. காசில்லை என்று சொல்ல வெட்கமாக இருக்கும். ஸ்டிரைக் என்றால் கொஞ்சம் கெத்தாக இருக்கிறதல்லவா?

அதற்கு மூன்று வருடம் முன்புதான், 1993-ல், விக்டர் ஹோர்ஸ்டிங்கும் ரோல்ஃப் ஸ்னூரனும் தெற்குப் பிரான்ஸின் இயேர் நகரில் நடக்கும் இளம் வடிவமைப்பாளர் போட்டியில் ஒரே மேடையில் மூன்று பரிசுகளை அள்ளியிருந்தார்கள். மூன்று பரிசு வாங்கியவர்கள் மூன்றே வருடத்தில் கைக்காசு இல்லாமல் போஸ்டர் ஒட்டுகிற நிலைக்கு வந்துவிட்டார்கள்.

நெதர்லாந்தின் இளம் ஆடை வடிவமைப்பாளர்கள் ஏதாவது விருதுக்கு மோதுகிறார்கள் என்ற செய்தி வரும்போதெல்லாம் எனக்கு இந்தப் போஸ்டர்தான் ஞாபகம் வரும். இத்தாலியிலோ பிரான்ஸிலோ ஒரு நெசவாலையும், தையல் பட்டறையும், பழைய ஃபேஷன் இல்லமும் சேர்ந்து செய்கிற வேலையை, நெதர்லாந்தில் விருதின் தலையில் கட்டிவிட்டார்கள்.

முதலில் படிப்பைப் பார்ப்போம், ஏனென்றால் அதில் அவர்களுக்குக் குறையே இல்லை. ஜெர்மன் எல்லைப் பக்கம் ஆர்னம் என்று ஓர் ஊர். அங்குள்ள கலைக் கல்லூரியின் ஃபேஷன் பிரிவு 1953-ல் எல்லி லாமாக்கர் என்ற ஆசிரியையால் தொடங்கப்பட்டது. இன்று அந்தக் கல்லூரியின் பெயர் ஆர்டெஸ். விக்டரும் ரோல்ஃபும் சந்தித்துக்கொண்டது அங்கேதான். முப்பரிமாண அச்சு உடைகளுக்குப் பேர்போன ஐரிஸ் வான் ஹெர்ப்பன் அங்கே படித்து 2006-ல் வெளியே வந்தார். நெதர்லாந்து அரசி மாக்சிமா 2013-ல் தன் கணவர் அரியணை ஏறிய நாளில் அணிந்த நீல உடையைத் தைத்த யான் டமினியாவும் ஆர்னம் வார்ப்புதான். இதே யான் டமினியா பழைய தபால் மூட்டைச் சாக்குகளை வெட்டி ஜாக்கெட் தைத்தவர். மாக்சிமா அதையும் போட்டுக்கொண்டு பொது நிகழ்ச்சிக்குப் போயிருக்கிறார். ஆம்ஸ்டர்டாமில் ரீட்ஃபெல்ட் அகாடமியும் ஆம்ஸ்டர்டாம் ஃபேஷன் நிறுவனமும் இருக்கின்றன. ஹேக், ராட்டர்டாம், உட்ரெக்ட் என்று மற்ற ஊர்களிலும் பள்ளிகள் உண்டு.

இந்தப் பள்ளிகள் பெரும்பாலும் கலைக் கல்லூரியின் ஒரு பிரிவாக இருப்பதைக் கவனிக்க வேண்டும். சிற்பம் செய்பவனும் ஓவியம் வரைபவளும் பக்கத்து அறையில் இருக்கிறார்கள். அதனால் மாணவர்களிடம் கேட்கப்படும் முதல் கேள்வி "இதை யார் வாங்குவார்கள்?" என்பதாக இருப்பதில்லை. "இதை ஏன் செய்தாய்?" என்றுதான் கேட்கிறார்கள். டச்சு உடைகளில் அடிக்கடி தென்படும் அந்தக் கிறுக்குத்தனத்துக்கும் துணிச்சலுக்கும் வேர் இங்கே. பட்டம் வாங்கிய பிறகு வருகிற திண்டாட்டத்துக்கும் இதே வேர்தான் என்பது என் கணிப்பு.

அப்புறம், ஆலைகள். நெதர்லாந்தில் ஆலையே இருந்ததில்லை என்று சொல்ல முடியாது. கிழக்கே என்ஸ்கடேயில் பருத்தி, தெற்கே டில்பர்க்கில் கம்பளி என்று 19-ஆம் நூற்றாண்டு முழுக்கத் தறிச் சத்தம்தான். 1960, 70-களில் மலிவான இறக்குமதித் துணியின் முன்னால் அவை ஒவ்வொன்றாக மூடப்பட்டன. ஹெல்மண்ட் ஊரின் விளிஸ்கோ போல ஒன்றிரண்டு தப்பின. 1846-ல் தொடங்கிய அந்த நிறுவனம் ஜாவா பாத்திக்கைப் பார்த்துப் பழகி, மேற்கு ஆப்பிரிக்கச் சந்தைக்கு மெழுகு அச்சுத் துணி அனுப்பிப் பிழைத்தது.

நல்ல துணி கடல் கடந்து வருவது அவர்களுக்குப் பழைய பழக்கம்தான். 17, 18-ஆம் நூற்றாண்டுகளில் பழவேற்காட்டிலும் நாகப்பட்டினத்திலும் கோட்டை கட்டி உட்கார்ந்திருந்த டச்சுக் கம்பெனி, சோழமண்டலக் கரையின் சாயவேர்ச் சிவப்பு ஏறிய பூவேலைத் துணிகளைக் கப்பல் கப்பலாக ஏற்றிப் போனது. வடக்கே ஹிண்டலோப்பன் என்ற சின்னத் துறைமுக ஊரின் பெண்கள் அதில் 'வென்ட்கே' என்ற நீண்ட மேலங்கி தைத்து அணிந்தார்கள். அவற்றில் சில லேயுவார்டனில் உள்ள ஃபிரீஸ் அருங்காட்சியகத்தில் இன்றும் இருக்கின்றன. சொந்த ஊர்த் துணி இல்லாமலே சொந்த பாணி உண்டாக்கிக்கொள்ளும் வித்தை அங்கே புதிதில்லை என்பதற்காகத்தான் இதைச் சொல்கிறேன்.

டில்பர்க்கின் பழைய ஆலைக் கட்டடம் ஒன்று இப்போது துணி அருங்காட்சியகம். அதற்குள்ளேயே ஓர் ஆய்வுக்கூடம் நடக்கிறது. கம்ப்யூட்டரில் ஓடும் தறிகளும் பின்னல் இயந்திரங்களும் இருக்கும். பக்கத்தில் ஒரு தொழில்நுட்பக்காரர் நிற்பார். வடிவமைப்பாளர் வந்து, நூலைத் தேர்ந்து, கொஞ்சம் ஓட்டிப் பார்த்து, பிரித்து, மறுபடி ஓட்டலாம். பரிசோதனைக்கு அருமையான இடம். ஆனால் 200 கோட்டுக்குத் துணி வேண்டும் என்று அங்கே போய் நிற்க முடியாது.

நாட்டில் துணி வியாபாரமே இல்லையா என்றால், இருக்கிறது, பெரிதாகவே. துணிக்கடைத் தொடரான சி அண்ட் ஏ 1841-ல் ஸ்னேக் என்ற சிற்றூரில் இரண்டு சகோதரர்கள் தொடங்கியது. ஜீன்ஸ் கம்பெனியான ஜி-ஸ்டார் 1989-ல் பிறந்தது. டாமி ஹில்ஃபிகரின் ஐரோப்பியத் தலைமையகம் ஆம்ஸ்டர்டாமில்தான். ஜீன்ஸ் என்றால் அந்த நகரத்தை அடித்துக்கொள்ள ஆளில்லை. ஆனால் இவையெல்லாம் நடுத்தர விலைச் சந்தை. அங்கே வேலைக்குச் சேரும் பட்டதாரி ஒரு பாக்கெட்டின் கோணத்தையும் ஒரு சலவையின் நிறத்தையும் தீர்மானிப்பார். தன் பெயரில் ஒரு லேபிள் வேண்டும் என்பவருக்கு இந்தக் கதவுகள் உதவாது. அந்தக் கம்பெனிகளும் ஒன்றும் கல் கோட்டைகள் இல்லை. மெக்ஸ் 2014-ல் திவாலானது, ஸ்காட்ச் அண்ட் சோடா 2023-ல்.

இந்த இடைவெளியில்தான் விருதுகள் முளைக்கின்றன. ஆம்ஸ்டர்டாம் ஃபேஷன் வீக் 2004-ல் தொடங்கியது. பழைய எரிவாயு ஆலை வளாகமான வெஸ்டர்காஸ்ஃபாப்ரீக் அதன் வீடாக இருந்தது. 2007-லிருந்து அங்கே 'லிக்திங்' என்றொரு போட்டி நடந்தது. ஒவ்வொரு கல்லூரியிலிருந்தும் அந்த வருடத்தின் சிறந்த பட்டதாரிகள் வந்து ஒரே மேடையில் தங்கள் தொகுப்பைக் காட்ட வேண்டும். வெளிநாட்டுப் பெயர்கள் கலந்த நடுவர் குழு பார்க்கும். ஜி-ஸ்டார் பெயரில் 10,000 யூரோ பரிசு. 'லிக்திங்' என்ற டச்சுச் சொல்லுக்கு, ராணுவத்தில் ஒரே வருடம் சேர்க்கப்படும் ஆட்களின் அணி என்று பொருள். தபால் பெட்டியைத் திறந்து கடிதம் எடுப்பதற்கும் அதே சொல்தான். இரண்டுமே பொருந்துகிறது. இந்தப் போட்டியை ஃபேஷன் வீக்கோடு சேர்ந்து நடத்தியது ஃபேஷன் துறைக்கு ஆள் எடுத்துக் கொடுக்கும் ஒரு நிறுவனம். ஆக, மேடையில் நடப்பது போட்டி, கீழே உட்கார்ந்திருப்பவர்களுக்கு அது ஆள்சேர்ப்பு முகாம். நான் இதைக் குறையாகச் சொல்லவில்லை. ஒருவேளை அந்தப் போட்டியின் மிக நேர்மையான பகுதி அதுதானோ என்னவோ.

இதற்கும் முன்பிருந்தே ஆம்ஸ்டர்டாமின் மூத்த உடை வடிவமைப்பாளர் ஃபிரான்ஸ் மோலனார் தன் பெயரில் மாணவர்களுக்கு ஒரு பரிசு வைத்திருந்தார். அவர் 2015-ல் இறந்தார். டச்சு ஃபேஷன் விருதுகள் என்று தனியாக ஒன்றும் சில வருடம் மெர்சிடிஸ் பென்ஸ் ஆதரவோடு நடந்தது. ஸ்பான்சர் பெயர் மாறும், மேடை மாறும், பரிசின் பெயரும் மாறும். வருடம் தவறாமல் மாறாமல் வருவது பட்டதாரிகள் மட்டும்தான்.

சரி, 10,000 யூரோ கிடைத்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். அதை வைத்து என்ன செய்யலாம்? ஒரு பேச்சுக்குக் கணக்குப் போட்டுப் பார்ப்போம். சின்னத் தொகுப்பு என்றாலும் 12 முழு உடை வேண்டும். ஒவ்வொன்றிலும் கோட்டு, சட்டை, பேன்ட் என்று பிரித்தால் 36 உருப்படி. ஒவ்வொன்றுக்கும் பேட்டர்ன் வெட்டி, மலிவுத் துணியில் ஒருமுறை தைத்துப் பார்த்து, பிறகு நல்ல துணியில் சாம்பிள் தைக்க வேண்டும். சாம்பிள் அளவுக்கு ஐந்து மீட்டர் மட்டும் வாங்கினால் ஆலைக்காரர் கூடுதல் விலை போடுவார். ஜிப்பு, பொத்தான், லைனிங், லேபிள். போட்டோ எடுக்க ஆள், மாடல், முடி, ஒப்பனை. பிறகு பாரிஸில் ஒரு வாரம் ஷோரூமில் ஒரு ரேக் வாடகை, தங்க அறை, உடைப் பெட்டிகளை ஏற்றிப் போக ஒரு வேன். தன் சம்பளத்தை இதில் எழுதவே இல்லை என்பதைக் கவனியுங்கள். அந்தப் பட்டதாரியும் எழுத மாட்டார்.

இன்னும் கொடுமையான பகுதி ஆர்டர் வந்த பிறகு தொடங்குகிறது. ஒரு கோட்டு மூன்று கடைக்காரர்களுக்குப் பிடித்துப்போகிறது. ஆளுக்கு ஆறு கேட்கிறார்கள். மொத்தம் 18 கோட்டு. கோட்டுக்கு மூன்று மீட்டர் என்றால் 54 மீட்டர் துணி. ஆலையின் குறைந்தபட்ச ஆர்டர் அதைவிட அதிகமாக இருக்கலாம். தையல் தொழிற்சாலையோ 50-க்குக் கீழே என்றால் மெஷினைத் தொடவே யோசிக்கும். திருப்பூரில் மெர்ச்சண்டைசராக இருப்பவர்களுக்கு இந்தப் பேச்சுவார்த்தை மனப்பாடம்: "பீஸ் எத்தனை?" என்ற கேள்விக்குப் பதில் சொன்னதும் எதிர்முனையில் குரல் இறங்கிவிடும். அப்படியே யாராவது தைக்க ஒப்புக்கொண்டாலும் துணிக்கும் கூலிக்கும் முதலில் காசு கட்ட வேண்டும். ஆறு மாதம் கழித்துச் சரக்கு கடைக்குப் போகும். கடைக்காரர் அதற்கும் ஒரு மாதம், இரண்டு மாதம் கழித்துத்தான் பணம் அனுப்புவார். அதற்குள் அடுத்த பருவத்தின் சாம்பிள் தைக்க வேண்டிய நாள் வந்துவிடும். ஆர்டரே வராத லேபிள் மெல்லச் சாகும். நிறைய ஆர்டர் வந்து சட்டென்று செத்த லேபிள்களும் உண்டு.

இதனால்தான் டச்சு இளைஞர்களின் கண் உள்ளூர் மேடையில் நிற்பதில்லை. உள்ளூர்ப் பரிசு ஒரு தொகுப்புக்குக் காணும். லேபிளை இரண்டு மூன்று வருடம் ஓட்டுகிற பணம் பாரிஸில் இருக்கிறது. 1989-ல் தொடங்கிய ஆண்டாம் பரிசை முதலில் வாங்கியவர் பெல்ஜிய வடிவமைப்பாளர் மார்ட்டின் மார்ஜியேலா. சொகுசுப் பொருள் நிறுவனமான எல்விஎம்ஹெச் குழுமத்தின் பரிசு 2014-ல் முதல்முறை வழங்கப்பட்டது. தொடக்கத்தில் 3 லட்சம் யூரோவாக இருந்த அதன் முதல் பரிசு இப்போது 4 லட்சம். இரண்டிலும் பணத்தோடு ஒரு வருட வழிகாட்டுதலும் சேர்த்துக் கொடுக்கிறார்கள்: விலை எப்படிப் போடுவது, ஒப்பந்தத்தில் எந்த வரியில் கையெழுத்துப் போடக்கூடாது, இத்தாலியில் எந்த ஆலைக்காரர் சின்ன ஆர்டர் எடுப்பார் என்பது மாதிரி. பணத்தைவிட இந்தக் கடைசித் தகவல் பெறுமதியானது என்று நினைக்கிறேன்.

இல்லாமையை வைத்தே வழி கண்டுபிடித்தவர்கள்தான் டச்சுப் பட்டியலில் நிலைத்திருக்கிறார்கள். விக்டரும் ரோல்ஃபும் ஸ்டிரைக் அறிவித்த அதே 1996-ல், ஆம்ஸ்டர்டாம் கலைக்கூடம் ஒன்றில் தங்கள் கனவு ஃபேஷன் இல்லத்தைப் பொம்மை அளவில் செய்து வைத்தார்கள். குட்டி மேடை, குட்டிக் கடை. கூடவே ஒரு வாசனைத் திரவியப் பாட்டில். 250 மட்டுமே செய்தார்கள். அதைத் திறக்கவே முடியாது. இல்லாத இல்லத்துக்கு வராத வாசனை! 1998-ல் அவர்கள் பாரிஸ் உயர்தையல் பருவத்தில், அதாவது ஒவ்வொரு வாடிக்கையாளருக்கும் தனியாக அளவெடுத்துத் தைக்கும் உடைகளின் பருவத்தில், காட்சி வைத்தார்கள். 2005-ல் லோரியலுடன் சேர்ந்து 'ஃபிளவர்பாம்' என்ற, திறக்கக்கூடிய, உண்மையான சென்ட் வந்தது. அது உலகமெங்கும் விற்றது. 2015-ல் ரெடிமேட் வரிசையை மூடிவிட்டு, உயர்தையலையும் சென்ட்டையும் மட்டும் வைத்துக்கொண்டார்கள். அந்த 54 மீட்டர் துணிக் கணக்கே அவர்களுக்குத் தேவைப்படவில்லை.

வான் ஹெர்ப்பன் வேறு பக்கம் போனார். 2010 ஜூலையில் ஆம்ஸ்டர்டாமில் அவர் காட்டிய தொகுப்பில் முப்பரிமாண அச்சில் வந்த ஒரு மேலாடை இருந்தது. கட்டடக் கலைஞர் டேனியல் விட்ரிக்கோடு வரைந்து, பெல்ஜியத்தின் மெட்டீரியலைஸ் நிறுவனத்தில் அச்சிட்டது. வெள்ளை நிறம், சங்கின் வரிவரியான மடிப்புகள், தோளிலிருந்து சுருண்டு எழும் வளைவுகள். தையல் எங்கேயும் இல்லை. உலகம் இதைத்தான் பேசியது. அதே காலத்தில் அவர் செய்த இன்னொரு உடைதான் எனக்கு அதிகம் பிடிக்கும். ஆம்ஸ்டர்டாமின் ஸ்டெடலிக் அருங்காட்சியகத்தில் புதிதாக ஒரு பிரிவு எழும்பிக்கொண்டிருந்தது. ஊர்க்காரர்கள் அதற்குக் 'குளியல் தொட்டி' என்று பட்டப்பெயர் வைத்திருந்தார்கள். தொட்டி என்றால் தண்ணீர் தெறிக்க வேண்டுமே என்று யோசித்திருக்கிறார் இவர். கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் தகட்டைச் சூடான காற்றால் இளக்கி, இடுக்கியால் பிடித்துப் பிடித்து இழுத்து, உடம்பைச் சுற்றி நீர் தெறித்து உறைந்தது மாதிரி ஓர் உடை. இந்தப் பக்கம் அச்சு இயந்திரம், அந்தப் பக்கம் கொல்லன் பட்டறை.

2011-ல் பாரிஸ் உயர்தையல் அமைப்பு அவரை விருந்தினராகச் சேர்த்தது. 2014-ல் ஆண்டாம் முதல் பரிசு, 2.5 லட்சம் யூரோ. ரெடிமேட் வரிசையைக் கொஞ்ச காலம் முயன்று பார்த்துவிட்டு அவரும் கைவிட்டார். ஆலையை நம்பாமல் ஆய்வுக்கூடத்தையும் அருங்காட்சியகத்தையும் நம்பிய வழி அது.

டுரான் லான்டிங்கின் வழி இன்னும் எளிமையானது: துணியே வாங்காதே. ஹேக்கில் பிறந்து ரீட்ஃபெல்ட் அகாடமியில் படித்த இவர், கடைகளில் விற்காமல் தேங்கிய விலையுயர்ந்த உடைகளை எடுத்து, பிளந்து, ஒன்றின் பாதியை இன்னொன்றின் பாதியோடு ஒட்டித் தைத்தார். குறைந்தபட்ச ஆர்டர் என்ற பேச்சுக்கே இடமில்லை. ஒவ்வொன்றும் ஒரே ஒரு உருப்படி. 2018-ல் பாடகி ஜனெல் மொனே தன் வீடியோவில் அணிந்த, இதழ் இதழாக விரியும் இளஞ்சிவப்பு பேன்ட் இவர் கைவேலை. அதற்கடுத்த வருடம் எல்விஎம்ஹெச் பரிசின் முதல் சுற்றுப் பட்டியலில் பெயர் வந்தது, ஆனால் இறுதிச் சுற்றுக்குப் போகவில்லை. 2023-ல் ஆண்டாம் சிறப்புப் பரிசு. 2024-ல் மறுபடி எல்விஎம்ஹெச் போய், கார்ல் லாகர்ஃபெல்ட் பெயரிலான 2 லட்சம் யூரோ பரிசு. 2025 ஏப்ரலில் கம்பளித் துறையின் வுல்மார்க் பரிசு. 1954-ல் இதன் மூதாதைப் போட்டியில் ஜெயித்து, பின்னால் உலகப் புகழ் வடிவமைப்பாளர்களான இரண்டு பையன்களின் பெயர் ஈவ் சான் லோரானும் கார்ல் லாகர்ஃபெல்டும். அதே மாதம் பாரிஸின் ழான் பால் கோல்த்தியே ஃபேஷன் இல்லத்தின் நிரந்தரப் படைப்பாக்க இயக்குநராக லான்டிங்க் அறிவிக்கப்பட்டார்.

மூன்று வருடத்தில் மூன்று பரிசு, முடிவில் ஒரு வேலை. அக்டோபரில் வந்த முதல் காட்சியில், ரோமம் நிறைந்த நிர்வாண ஆண் உடம்பை அச்சிட்ட இறுக்க உடையை மாடல் மேல் போட்டு அனுப்பினார். இணையத்தில் வாங்கிக் கட்டிக்கொண்டார். "இதை ஏன் செய்தாய்?" என்று கேட்டு வளர்த்த பள்ளி, "இதை யார் வாங்குவார்கள்?" என்று கேட்கிற முதலாளி. அந்த இரண்டு கேள்வியும் நேருக்கு நேர் முட்டிய இடம் அதுதான் என்று எனக்குப் படுகிறது.

அரசாங்கம் எங்கே போனது என்று கேட்கலாம். ஒரு காலத்தில் தாராளமாகவே இருந்தது. கலைஞர்களுக்கான தொடக்க உதவித்தொகை ஃபேஷன்காரர்களுக்கும் கிடைத்தது. ஆர்னமில் சில காலம் ஃபேஷனுக்கென்றே இரண்டு வருடத்துக்கு ஒருமுறை பெருவிழா நடந்தது. போதைப்பொருள் விற்பனையால் பெயர் கெட்டிருந்த கிளாரண்டால் பகுதியின் காலிக் கடைகளை வீட்டுவசதி நிறுவனமே சீர்படுத்தி வடிவமைப்பாளர்களுக்கு வாடகைக்குக் கொடுத்தது. 2011-ல் ஹால்பே செயில்ஸ்ட்ரா என்ற துணை அமைச்சர் கலாசார நிதியில் 20 கோடி யூரோ வெட்டு அறிவித்தார். வடிவமைப்புக்கென்று தனியாக இருந்த பிரெம்செலா நிறுவனம் 2013-ல் மற்ற இரண்டோடு சேர்த்து ஒன்றாக்கப்பட்டது. உதவித்தொகை முழுதாக நின்றுவிடவில்லை, ஆனால் கம்பெனி ஸ்பான்சர்களின் பங்கு பெரிதாகிவிட்டது. விருது மேடையில் லோகோக்கள் கூடியதன் பின்கதை இதுதான்.

கடைசியாக ஒரு ஜோடி. ரஷெமி போட்டர் கரீபியத் தீவான குராசாவ்காரர், ஆன்ட்வெர்ப்பில் படித்தவர். லிசி ஹெரெப்ரு ஆம்ஸ்டர்டாம் ஃபேஷன் நிறுவனத்தின் மாணவி. தாய் டொமினிக்கன் குடியரசைச் சேர்ந்தவர். 2018-ல் இயேர் போட்டியின் முதல் பரிசை இவர்கள் வாங்கினார்கள், விக்டரும் ரோல்ஃபும் நின்ற அதே போட்டி. அளவெடுத்துத் தைத்த கோட்டுகளின் மேல் கடற்கரையில் விற்கும் காற்றடைத்த பொம்மைகள், மீன்பிடித் தீவின் நிறங்கள். அதே வருடம் எல்விஎம்ஹெச் இறுதிச் சுற்றிலும் இருந்தார்கள். அந்தக் கோடையிலேயே பாரிஸின் நினா ரிச்சி இல்லம் அவர்களை அழைத்துக்கொண்டது. 2022-ல் அங்கிருந்து வெளியே வந்தார்கள். தங்கள் பெயரிலான போட்டர் லேபிளை விடாமல் பிடித்துக்கொண்டார்கள்.

2025 ஜனவரியில் இருவருக்கும் ஆம்ஸ்டர்டாமிலிருந்து புது வேலை வந்தது: ஜி-ஸ்டாரின் படைப்பாக்க இயக்குநர்கள். லிக்திங் மேடையில் 10,000 யூரோ நீட்டிய அதே ஜீன்ஸ் கம்பெனி. ஹெரெப்ரு படித்த ஊரும் அதுதான்.